பொருள் முதலா, ஊடகம் முதலா?

தார்நாகாவை ஹைதராபாத்துக்காரர்கள் ஆய்வுக்கூடங்களின் பேட்டையாகவே அறிவார்கள். தேசிய ஊட்டச்சத்து நிறுவனம், இந்திய வேதியியல் தொழில்நுட்ப நிறுவனம், ஹப்சிகுடா பக்கம் போனால் செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையம், இன்னொரு பக்கம் லாலாகுடாவின் ரயில்வே குடியிருப்புகள், நடக்கும் தூரத்தில் உஸ்மானியா பல்கலைக்கழகம். கலையையும் இந்தப் பேட்டையையும் சேர்த்துப் பேசுவோர் குறைவு.

ஆனால் உஸ்மானியா எழுந்த அடிக்மெட் பகுதி ஒரு காலத்தில் மாஹ் லகா பாய் சந்தா என்ற பெண்மணியின் ஜாகீராக, அதாவது மானிய நிலமாக, இருந்தது. 1768இல் பிறந்து 1824இல் மறைந்த அவர் நிஜாம் அரசவையின் புகழ்பெற்ற ஆடல் மகளிருள் ஒருவர். உருது கஜல்கள் எழுதினார், பாடினார், ஆடினார், வில்லும் ஈட்டியும் பயின்றார். அவருடைய கஜல் தொகுப்பு அவர் இறந்த ஆண்டில்தான் வெளிவந்தது. உருதுவில் தொகுப்பு கண்ட முதல் பெண் என்று அவர் வெகுகாலம் போற்றப்பட்டார். அந்தச் சிறப்பு ஹைதராபாத்தையே சேர்ந்த லுத்ஃபுன்னிசா இம்தியாஸுக்கு உரியது என்று பின்னர் தெரியவந்தது. எழுத்தா, இசையா, நடனமா என்று மாஹ் லகாவை எவரும் கேட்டிருக்க மாட்டார்கள். அவர் வாழ்ந்த உலகில் அவை மூன்றும் ஒரே தொழிலின் மூன்று பகுதிகள்.

இன்று அந்தக் கேள்வியைக் கேட்காதவர் இல்லை. பகலில் ஆய்வுக்கூடத்திலோ அலுவலகத்திலோ வேலை பார்த்துவிட்டு மாலையில் எதையாவது படைக்க நினைப்பவருக்கு இரண்டு திகைப்புகள் சேர்ந்தே வருகின்றன. எதைப் பற்றிச் செய்வது? எதில் செய்வது? வண்ணமா, களிமண்ணா, சிறுகதையா, நாடகமா, கேமராவா? இந்த இரண்டு கேள்விகளுக்கும் மரபு சொன்னதையும், ஹைதராபாத்தைச் சுற்றியும் தமிழகத்திலும் கலைஞர்கள் வாழ்ந்து காட்டியதையும் ஒருசேரப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மரபின் இரண்டு விடைகள்

உந்துதல் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வியை இந்தியக் கவிதையியல் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் விவாதித்திருக்கிறது. பல்லவர் காலக் காஞ்சியோடு தொடர்புபடுத்தப்படும் தண்டி, தம் காவியாதரிசத்தில் கவிதைக்கு மூன்று காரணங்களைச் சொல்கிறார்: பிறவியிலேயே வாய்த்த பிரதிபை என்னும் படைப்பாற்றல், குறைவற்ற கல்வி, தளராத பயிற்சி. அவர் அதோடு நிறுத்தவில்லை. பிரதிபை வாய்க்காதவரும் படிப்போடும் உழைப்போடும் வழிபட்டால் கலைமகள் அவருக்கும் ஏதாவது ஒரு வகையில் அருள்வாள் என்கிறார். பிறவி வரத்தை முதலில் வைத்த ஆசிரியரே அது இல்லாதவர்களுக்கும் கதவைத் திறந்து வைத்திருக்கிறார். உந்துதலுக்காகக் காத்திருக்கிறேன் என்று சொல்பவர்கள் நினைவில் கொள்ள வேண்டிய இடம் இது.

ஊடகம் பற்றிய விடை விஷ்ணுதர்மோத்தர புராணத்தில் இருக்கிறது. சிற்பம் செய்யக் கற்றுத்தருமாறு வஜ்ரன் என்ற மன்னன் மார்க்கண்டேய முனிவரைக் கேட்கிறான். சிற்பம் அறிய ஓவியம் தெரிய வேண்டும் என்கிறார் முனிவர். ஓவியம் அறிய நடனமும், நடனம் அறிய வாத்திய இசையும், அதை அறியப் பாட்டும் தெரிய வேண்டும் என்று உரையாடல் பின்னோக்கிப் போய்க்கொண்டே இருக்கிறது. கலைகள் ஒன்றுக்குள் ஒன்று வேரோடியவை, ஒன்றை மட்டும் தனியே பிடுங்கிக் கற்க முடியாது என்பதே அந்த உரையாடலின் சாரம். மாஹ் லகா பாயின் வாழ்க்கை இந்தக் கருத்துக்கு அருகில் நிற்கிறது. ஆனால் வேலைநேரம் போக மிஞ்சிய இரண்டு மணி நேரத்தை வைத்துக்கொண்டு பாட்டிலிருந்து சிற்பம் வரை ஏறி இறங்க யாராலும் இயலாது. நவீனக் கலைஞர்கள் இதை எப்படிச் சமாளித்தார்கள்?

ஊர் தந்த பொருள்

மெதக் மாவட்டத்து நிஜாம்பூரில் 1940இல் பிறந்தவர் கே. லக்ஷ்மா கவுட். கரீம்நகர் மாவட்டத்து பூருகுப்பள்ளியில் 1942இல் பிறந்தவர் தோட்டா வைகுண்டம். இருவரும் ஹைதராபாத்தில் ஓவியம் பயின்று, பின்னர் பரோடா சென்றவர்கள். தெலங்கானா ஓவியம் என்றதும் நினைவுக்கு வரும் பெயர்கள் இவை.

இருவருக்கும் பொருள் பிறந்த ஊரிலிருந்தே வந்தது. ஆனால் ஊரில் இருந்தபோது அது பொருளாகத் தெரியவில்லை, ஊரைவிட்டுப் போய்த் திரும்பிப் பார்த்த பிறகே தெரிந்தது. கவுட் பரோடாவில் சுவரோவியமும் அச்சுக்கலையும் கற்றுத் திரும்பியபோது, கிராமத்து ஆண்களும் பெண்களும் ஆடுகளும் மரங்களும், உடலைப் பற்றி நகரத்துக்கு இருக்கும் கூச்சம் இல்லாத அந்த வாழ்வும் கோடுகளாகத் திரண்டன. வைகுண்டத்தின் பாதை இன்னும் நீண்டது. அவர் பல ஆண்டுகள் தமக்கெனப் பொருள் கிட்டாமல் தேடினார். கடைசியில் அவர் பிடித்தது தம் தாயையும் ஊர்ப் பெண்களையும்தான். பெரிய குங்குமப் பொட்டு, மஞ்சள் பூசிய முகம், கனத்த கொண்டை, அடர்சிவப்புச் சேலை. சிறுவயதில் ஊருக்கு வந்த நாடகக் குழுக்களில் பெண்வேடம் கட்டிய ஆண்களின் ஒப்பனையும் அந்த முகங்களில் கலந்திருக்கிறது. முதலில் கரிக்கோலில் வரைந்தவர், பின்னரே இன்று நாம் அறிந்த பளிச்சென்ற வண்ணங்களுக்கு வந்தார்.

தமிழில் இதற்கு இணையான சான்று அசோகமித்திரன். 1931இல் செகந்தராபாத்தில் பிறந்தவர். தந்தைக்கு ரயில்வேயில் வேலை. தந்தை இறந்தபின் 1952இல் குடும்பத்தோடு சென்னைக்குப் பெயர்ந்தார். 1948 செப்டம்பரில் இந்திய ராணுவம் ஹைதராபாத்துக்குள் நுழைந்த நாட்களை அங்கேயே இருந்து பார்த்த இளைஞர் அவர். நிஜாம் ஆதரவுப் படையான ரஜாக்கர்களின் கெடுபிடி, அண்டைவீட்டாரிடையே வளர்ந்த சந்தேகம், இவற்றுக்கு நடுவே கிரிக்கெட் ஆடும் மாணவன் என்று விரியும் ‘18வது அட்சக்கோடு’ நாவல் வெளிவந்தது 1977இல். பார்த்ததற்கும் புத்தகமானதற்கும் இடையில் ஏறக்குறைய முப்பது ஆண்டுகள்.

மூன்று பேரிடமும் பொதுவாக இருப்பது தாமதம். உந்துதல் மின்னலைப் போல் வந்து விழுவதாகச் சொல்லும் பழைய நம்பிக்கைக்கு இங்கே ஆதாரம் இல்லை. கண்ணெதிரில் இருந்த ஒன்று நெடுநாள் கழித்துத் திரும்ப வந்து, விலக மறுத்திருக்கிறது.

ஊடகமே முதலாக வந்த வழி

எதிர்ச்சான்று ஹைதராபாத்திலிருந்து நூறு கிலோமீட்டருக்குள் இருக்கிறது. செரியால் ஊரின் நகாஷி ஓவியர்கள் பொருளைத் தேடி அலைந்ததில்லை. கதை சொல்லும் குழுக்கள் கேட்டன, அவர்கள் வரைந்து கொடுத்தார்கள். நெசவு செய்யும் பத்மசாலியருக்கு மார்க்கண்டேயர் கதை, கள் இறக்கும் கவுடர்களுக்கு அவர்களின் குலக்கதை என்று ஒவ்வொரு சாதிக்கும் ஒரு சீலை. முப்பது, நாற்பது அடி நீளும் அந்தச் சீலையைக் கட்டம் கட்டமாக இறக்கிக் காட்டிப் பாடகர்கள் இரவெல்லாம் கதை சொல்வார்கள். கதையும் நிறங்களும் முன்பே முடிவானவை. பின்னணி சிவப்புதான்.

அங்கே ஓவியனின் திறமை முழுக்க ஊடகத்துக்குள்ளேயே இருந்தது. கதர்த்துணியில் கஞ்சி, வெள்ளை மண், புளியங்கொட்டைப் பசை, பிசின் எல்லாம் கலந்து பூச்சு மேல் பூச்சாகப் பூசிக் காயவைக்க வேண்டும். பூச்சு சரியில்லாவிட்டால் சுருட்டும்போது வண்ணம் வெடித்து உதிரும். சினிமாவும் தொலைக்காட்சியும் வந்து கதைகேட்கும் கூட்டம் கலைந்தபோது, அதே பூச்சு, அதே சிவப்போடு ஓவியர்கள் ஒற்றைக் காட்சிச் சிறு படங்களுக்கும் முகமூடிகளுக்கும் மாறினார்கள். இப்போது கிராமத்துப் பெண் நெல் குத்துவதும் பண்டிகைகளும் அந்தப் படங்களில் இடம்பெறுகின்றன. ஊடகம் நிலைத்து நின்றது, பொருள்தான் மாறியது. லக்ஷ்மா கவுட் நடந்த பாதைக்கு இது நேர் எதிர்.

ரவீந்திரநாத் தாகூரும் இந்த வரிசையில் சேர்வார். கையெழுத்துப் படிகளில் அடித்த சொற்களை மைக்கோடுகளால் இணைத்து உருவங்களாக்கும் பழக்கம் அவருக்கு இருந்தது. அந்த அடித்தல்களிலிருந்தே ஓவியங்கள் முளைத்தன. 1930இல் பாரிஸில் அவருடைய முதல் கண்காட்சி நடந்தபோது அவருக்கு வயது 69ஐ நெருங்கியிருந்தது. இன்ன பொருளை வரைய வேண்டும் என்று அவர் புறப்படவில்லை. கை அசைந்தது, உருவம் பின்னால் வந்தது. இறப்பதற்குள் ஈராயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள் சேர்ந்திருந்தன.

ஆக, பொருள்தான் முதலில் வர வேண்டும் என்று சட்டம் போட முடியாது. இரண்டு வாசல்களும் திறந்தவை. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. செரியால் ஓவியனுக்குப் பின்னால் தலைமுறைகளின் பயிற்சி இருந்தது, தாகூருக்குப் பின்னால் அரை நூற்றாண்டு எழுத்து இருந்தது. ஊடகத்தின் வழியே நுழைந்தவர்கள் யாரும் வெறுங்கையோடு நுழையவில்லை.

ஆசிரியர் என்ற மூன்றாவது காரணம்

கவுட், வைகுண்டம் இருவரையும் இணைக்கும் ஒருவர் உண்டு: கே.ஜி. சுப்பிரமணியன். 1924இல் வடகேரளத்துக் கூத்துப்பறம்பில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் பொருளாதாரம் படித்தார். வெள்ளையனே வெளியேறு போராட்டத்தில் சிறை சென்றார், அதனால் அரசுக் கல்லூரிகள் அவருக்கு மூடிக்கொண்டன. 1944இல் சாந்திநிகேதனில் சேர்ந்து நந்தலால் போஸ், வினோத் பிகாரி முகர்ஜி, ராம்கிங்கர் பைஜ் ஆகியோரிடம் கற்றார். பின்னர் பரோடாவில் ஆசிரியரானார்.

ஓவியனுக்கும் கைவினைஞனுக்கும் நடுவே சுவர் எழுப்புவதை அவர் ஏற்கவில்லை. தைலவண்ணம் தீட்டியவரே கைத்தறி வாரியத்தில் வேலை பார்த்தார், குழந்தைகளுக்குப் பொம்மை செய்தார், படக்கதை எழுதினார், கண்ணாடியின் பின்புறத்தில் வரையும் பழைய முறையைக் கையில் எடுத்தார். லக்னோவில் 1963இல் முடித்த பெரிய சுவர்ச்சிற்பத்துக்குச் சுட்ட மண்ணையே பயன்படுத்தினார். அவரிடம் பயின்ற கவுட் பிற்காலத்தில் செப்புத்தகட்டு அச்சு, கண்ணாடி ஓவியம், சுடுமண் தலைகள், வெண்கலம் என்று ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போய்வந்ததில் வியப்பில்லை. பொருள் ஊரிலிருந்து வந்தது என்றால், ஊடகத்தைப் பற்றிய தைரியம் ஆசிரியரிடமிருந்து வந்தது. ஹைதராபாத் பல்கலைக்கழகத்தின் சரோஜினி நாயுடு கலைப்பள்ளியில் கவுட் ஆசிரியப் பொறுப்பேற்றபோது அந்தத் தைரியம் அடுத்த தலைமுறைக்கும் கைமாறியது.

வசதி, வயிறு, உடல்

ஊடகத் தேர்வைப் பற்றிய பேச்சுகளில் பெரும்பாலும் விடுபட்டுப்போவது காசு. அச்சுப்படம் செய்ய உலோகத் தகடு வேண்டும். அதில் மெழுகுப்பூச்சு பூசி, ஊசியால் கீறி, அமிலத் தொட்டியில் அரிக்கவிட்டு, மை ஏற்றித் துடைத்து, கனமான உருளை இயந்திரத்தில் அழுத்த வேண்டும். அந்த இயந்திரம் கல்லூரியிலோ கலைக்கூடத்திலோதான் இருக்கும். கல்லூரியை விட்டு வெளியேறியவர்களில் பலருக்கு அச்சுக்கலை கைநழுவிப்போவதற்கு ரசனை காரணமல்ல, இயந்திரம்தான் காரணம். பேனாவும் தாளும் எவரையும் கைவிடுவதில்லை.

சினிமாவுக்கு இது இன்னும் பொருந்தும். அசோகமித்திரன் ஜெமினி ஸ்டூடியோவில் பதினான்கு ஆண்டுகள் இருந்தார். செய்தித்தாள்களைக் கத்தரித்துக் கோப்பில் ஒட்டும் வேலையிலிருந்து ஸ்டூடியோவின் எல்லா மூலைகளையும் அறிந்தவர். ஆனால் அவர் படைத்தது உரைநடையில். திரைப்படத்துக்கு முதலாளி, விளக்கு, நூறு பேர் வேண்டும். சிறுகதைக்கு அவர் ஒருவர் போதும். ஸ்டூடியோ வாழ்வே பின்னர் ‘கரைந்த நிழல்கள்’ நாவலுக்குப் பொருளானது. பணிபுரிந்த ஊடகம் ஒன்று, படைத்த ஊடகம் வேறு.

சோழமண்டலம் வேறொரு தீர்வைக் கண்டது. கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் சென்னை ஓவியர்கள் 1966இல் ஈஞ்சம்பாக்கத்தில் குடியேறினார்கள். ஓவியம் விற்காத காலம் அது. பாத்திக் துணிகளும் பிற கைவினைப் பொருட்களும் செய்து விற்றார்கள். அந்த வருவாய் நிலம் வாங்க உதவியது, வயிற்றையும் கவனித்துக்கொண்டது, ஓவியத்தை வாங்குபவரின் விருப்பத்துக்கு வளைக்காமல் காத்தது. சோறு போட ஒரு ஊடகம், தேடலுக்கு ஒரு ஊடகம் என்ற அந்த ஏற்பாட்டை மதிப்புக்குறைவாக நினைப்பவர்கள் சோழமண்டலம் இன்றும் நிற்பதைக் கவனிக்கட்டும்.

சில சமயம் உடலே தீர்ப்பு எழுதிவிடுகிறது. வினோத் பிகாரி முகர்ஜி 1950களில் பார்வையை முழுதும் இழந்தார். அதன்பின் தாளை வெட்டி ஒட்டினார், கையால் தடவி உருவம் செய்தார், சாந்திநிகேதனில் பீங்கான் ஓடுகளால் பெரிய சுவரோவியம் ஒன்றையும் அமைத்தார். அவர் மாணவர் சத்யஜித் ராய் 1972இல் எடுத்த ஆவணப்படம் அந்த நாட்களைப் பதிவு செய்திருக்கிறது. ஊடகம் பறிபோனால் கலை முடிந்தது என்ற எண்ணத்துக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு இல்லை.

பாதி வழியில் மாறியவர்கள்

ஒன்றைத் தேர்ந்தால் ஆயுளுக்கும் அதுதான் என்ற அச்சமும் தேவையற்றது. பி. நர்சிங் ராவ் ஹைதராபாத்தில் ஓவியம் பயின்றவர். நாடகத்துக்குப் போனார், அங்கிருந்து திரைப்படத்துக்கு. கௌதம் கோஷ் இயக்கிய ‘மா பூமி’யைத் தயாரித்தார். 1983இல் ‘ரங்குல கல’ என்ற படத்தைத் தாமே இயக்கி, ஹைதராபாத்தில் வாழும் ஓவியனாகவும் நடித்தார். ஓவியத்தை விட்டுவந்தவரின் படத்துக்கு ஓவியனே நாயகன். அவருடைய ‘தாசி’க்குக் கலை இயக்கம் செய்தவர் வைகுண்டம். அதற்காக வைகுண்டத்துக்குத் தேசிய விருதும் கிடைத்தது. ஒரே தெலங்கானா வீட்டை ஒருவர் கேமராவிலும் இன்னொருவர் வண்ணத்திலும் பார்த்தார்கள். படப்பிடிப்பில் இருவரும் ஒரே முற்றத்தில் நின்றார்கள்.

தமிழில் ந. முத்துசாமி. சிறுகதையில் பெயர் பெற்றவர். புரிசைத் தெருக்கூத்தைக் கண்ட பிறகு தம் நாட்டம் முழுதையும் அரங்கின் பக்கம் திருப்பினார். 1977இல் கூத்துப்பட்டறை பிறந்தது. உடல், குரல், அடவு எல்லாம் கேட்கும் ஒன்று அவருக்குள் இருந்தது, தாள் அதற்குப் போதவில்லை. எஸ். தனபால் சென்னை ஓவியக் கல்லூரியில் ஓவியராகத் தொடங்கிச் சிற்பியாக நிலைபெற்றார்.

மாறியவர்களிடம் ஓர் ஒற்றுமை தெரிகிறது. அவர்கள் பழைய ஊடகத்தில் தோற்று ஓடியவர்கள் அல்லர். அதன் எல்லைவரை போய்ப் பார்த்தவர்கள். ஒரு மாதம் களிமண், அடுத்த மாதம் கேமரா என்று தாவுவதும் இதுவும் ஒன்றல்ல. தாவுபவர் தொடக்கநிலைச் சிரமத்திலிருந்து தப்பிக்கிறார், அதனால் எல்லா ஊடகத்திலும் தொடக்கநிலையிலேயே நிற்கிறார்.

தொகுத்துப் பார்த்தால்

இத்தனை வாழ்க்கைகளையும் அடுக்கிப் பார்க்கும்போது மூன்று முடிவுகள் எஞ்சுகின்றன.

முதலாவது, உந்துதல் தொலைவில் இல்லை. நிஜாம்பூரும் பூருகுப்பள்ளியும் செகந்தராபாத் ரயில்வே குடியிருப்பும் சாதாரண இடங்கள். அவற்றை அசாதாரணமாக்கியது விடாமல் திரும்பிப் பார்த்த பழக்கம். தார்நாகாவில் வசிக்கும் தமிழருக்கு லாலாகுடாவின் பழைய ரயில்வே வீடுகளோ, 1939இல் திறக்கப்பட்ட உஸ்மானியா கலைக் கல்லூரியின் கற்கட்டடமோ, ஆய்வுக்கூடத்தில் இரவுப்பணி பார்ப்பவர்களோ போதுமான பொருள்தான். வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு, கடையில் தக்கனி உருது என்று மூன்று மொழிகளுக்கு நடுவே வாழ்வது கவலைப்பட வேண்டிய குறையல்ல. அசோகமித்திரனின் நாவல் அந்தக் கலவையிலிருந்தே உயிர் பெற்றது.

இரண்டாவது, ஊடகத்தை யோசித்து முடிவு செய்ய முடியாது, செய்துதான் பார்க்க முடியும். ஒரே பொருளை எடுத்துக்கொண்டு வெவ்வேறு ஊடகங்களில் முயல்வது நல்ல வழி. பொருளும் மாறி ஊடகமும் மாறினால் எது ஒத்துவரவில்லை என்றே தெரியாது. பொருளை நிறுத்திவைத்தால் ஒப்பிட முடியும்.

மூன்றாவது, எந்த ஊடகம் நமக்குரியது என்பதற்கு ரசனையைவிட நம்பகமான அடையாளம் ஒன்று உண்டு. ஒவ்வொரு கலையிலும் யாரும் பாராட்டாத எடுபிடி வேலை இருக்கிறது. துணிக்குக் கஞ்சி போடுவது, தகட்டைத் துடைப்பது, மண்ணைப் பிசைந்து காற்றுக்குமிழ் நீக்குவது, எழுதிய பக்கத்தை ஐந்தாம் முறை திருத்துவது, ஒத்திகைக்கு எல்லோரும் வரும்வரை காத்திருப்பது. கலைஞரின் நாளில் பெரும்பங்கு இதிலேயே கழிகிறது. நடனத்தை நேசிக்கும் எல்லோரும் அடவுப் பயிற்சியை நேசிப்பதில்லை. நாவலை ரசிக்கும் பலருக்குத் திருத்தி எழுதுவது வேம்பு. ரசிக்கும் கலைக்கும் செய்யும் கலைக்கும் உள்ள இடைவெளி இந்த எடுபிடி வேலையில்தான் வெளிப்படுகிறது.

எனவே எனக்குள் தோன்றுவது எது, எனக்குத் திறமை எதில் என்று கேட்டு மாலைகளைக் கழிப்பதைவிட, உங்களை விடாமல் தொடரும் ஒரு பொருளைக் குறித்துக்கொள்ளுங்கள். கையிலிருக்கும் மிக மலிவான கருவியோடு இந்த வாரமே தொடங்குங்கள். அச்சுக்கூடம், சூளை, அரங்கு போன்றவை தேவைப்படும் ஊடகமென்றால், அவற்றை வைத்திருக்கும் இடத்தையும் கற்றுத்தரும் ஆசிரியரையும் தேடுங்கள், தனியே போராடாதீர்கள். எந்த ஊடகத்தின் எடுபிடி வேலை உங்களுக்கு அலுக்கவில்லையோ அதிலேயே தங்கிவிடுங்கள். பாராட்டு வராத ஆண்டுகளில் உங்களை அங்கே நிறுத்திவைக்கப் போவது அந்த வேலைதான்.